ஹெட்டைக் கழற்றிய பின்

தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்கு வரும் வீதியிலும், டன்சினன் தோட்டத்து வழியாக மேலேறும் பாதையிலும், பள்ளிப் பிள்ளைகளையும் கொழுந்தையும் மரக்கறியையும் சுமந்து நாள்தோறும் ஏறி இறங்கும் வான்களுக்கும் லொறிகளுக்கும், சமவெளியில் ஓடும் வாகனங்கள் அறியாத ஒரு சோதனை உண்டு. ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு மேல் போக வழியின்றி, ரேடியேட்டருக்குப் போதிய காற்றும் கிட்டாமல், முழுப் பாரத்தையும் இழுத்துத் தகிக்கும் எஞ்சின், உச்சியைத் தாண்டியதும் கியரின் பிடியில் மட்டும் இறங்கிப் பனிக்காற்றில் விரைவாகக் குளிர்ந்துவிடுகிறது. வார்ப்பிரும்பு பிளொக்கின்மேல் அலுமினிய ஹெட் அமர்ந்த எஞ்சினாயின் சங்கடம் இன்னும் அதிகம். ஏனெனில் ஒரே உஷ்ணத்திற்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. இவ்விரண்டிற்கும் நடுவில் கிடந்து, எரியும் வாயுவும் நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலவாதபடி காத்து நிற்பதே ஹெட் கெஸ்கட் என்னும் அந்த மெல்லிய தகடு.

அது பழுதானால் புகைக்குழாயில் வெண்புகை வரும். ரேடியேட்டரில் குமிழி எழும். எண்ணெய் பால் தேநீரின் நிறத்திற்கு மாறும். கராஜில் ஹெட்டைக் கழற்றி வைத்த பிறகு, "அண்ணே, கெஸ்கட்டை மட்டும் மாத்திவிடவா, மத்த சாமானையும் பார்க்கவா?" என்று மெக்கானிக் கேட்பார். மாதத் தவணையும் பிள்ளைகளின் செலவும் அந்த ஒரு வானையே நம்பியிருக்கும் மனிதருக்கு, அப்போது வாயில் வரும் விடை எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால், கெஸ்கட் எரிந்தது காரியமே, காரணமன்று என்பதை அந்த நேரத்தில் யாரேனும் அவருக்கு நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

காரணம் பெரும்பாலும் நீரோட்டத்தில்தான் இருக்கும். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகைக்குச் சற்று முன்பின்னாகவே கொதித்துவிடுகிறது. ஜப்பானிய வாகனங்களில் சாதாரணமாகக் காணப்படும் 0.9 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி செம்மையாக இருந்தால், அதே உயரத்தில் அந்நீர் 115 பாகை வரையில் கொதியாமல் நிற்கும். இறப்பர் வளையம் தேய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்த ஒரு மூடி, இந்த இருபது பாகைக் காவலை ஓசையின்றி அழித்துவிடுகிறது. ஒரு முழு எஞ்சின் வேலையோடு ஒப்பிட்டால் மிக அற்பமான விலையுடைய இந்த மூடியை மாற்றாமல், புதிய கெஸ்கட்டைப் போட்டு வண்டியை வெளியே விடும் வழக்கம் எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

தெர்மோஸ்டாட்டின் கதியோ இதனினும் பரிதாபம். "மலைநாட்டுக்கு அது தேவையில்லை" என்று கழற்றி எறிந்துவிடும் சம்பிரதாயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பல ஜப்பானிய எஞ்சின்களில் அந்தக் கருவி, சூடேறியதும் ரேடியேட்டருக்கான வழியைத் திறப்பதோடு, எஞ்சினுக்குள்ளேயே நீர் சுற்றிவரும் குறுக்குவழியையும் அடைக்கிறது. அதை நீக்கிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டாமலே திரும்பும். ஆகவே இறக்கத்தில் எஞ்சின் அளவுக்கு மீறிக் குளிர்வதும், ஏற்றத்தில் அளவுக்கு மீறிச் சுடுவதும் ஒரே செயலின் விளைவுகளாகின்றன. வழியோரப் பீலியில் பிடித்த தண்ணீரை மட்டுமே ஊற்றி ஓட்டுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. குடிப்பதற்கு அமிர்தமான அந்த நீரில் துருவைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லாமையால், வார்ப்பிரும்பு உள்ளுக்குள் துருப்பிடித்து, அத்துரு ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில், ஓய்வு பெற்றிருக்க வேண்டிய எத்தனையோ எஞ்சின்கள் இம்மலைகளில் தொடர்ந்து உழைத்தன, இன்றும் உழைக்கின்றன. பஞ்சிகாவத்தையிலிருந்து சாமான் வந்து சேரும் வரையில் வண்டி கராஜில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பே. அதனால்தான் ஒரே உழைப்பில் கைக்கெட்டும் உறுப்புகளை அப்போதே மாற்றுவது புத்திசாலித்தனமாகிறது. டொல்பின் வான்களில் வரும் 3எல் போன்ற டீசல் எஞ்சின்களில், ஹெட்டைத் தூக்குவதற்கு டைமிங் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்தப் பெல்ட்டைப் பழையதாகவே திரும்ப மாட்டினால், அது அறும் நாளில் வால்வும் பிஸ்டனும் மோதி, செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், கசிவு கண்ட வாட்டர் பம்ப், ஊதிப் பருத்த ஹோஸ், கெட்டித்துப்போன வால்வு சீல் ஆகியவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். நீர் கலந்த எண்ணெயையும் பில்டரையும் மாற்றுவதில் தெரிவுக்கே இடமில்லை. அந்த எண்ணெய் பெயாரிங்கைத் தின்றுவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வோரின் பக்கமும் நான் நிற்கவில்லை. கழற்றுவதற்கு முன்பே கொம்பிரஷன் அளந்து, சேதமற்ற சிலிண்டர்கள் நல்ல நிலையில் இருப்பது தெரிந்தால், பிஸ்டன் ரிங்கைத் தொட வேண்டிய அவசியமில்லை. இன்ஜெக்டரைச் சோதித்தாலே போதும். டீசல் பம்பை அதன் போக்கில் விட்டுவிடலாம். அங்கே மிச்சமாகும் பணத்தை, ஹெட்டை லேத் கடைக்குக் கொண்டுபோய் வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்யவும், வளைவை அளந்து சமன்செய்யவும் செலவிடுவதே மேல். வளைந்த ஹெட்டின் கீழ் எந்தக் கெஸ்கட்டும் நிலைக்காது.

1875-இல் ஹட்டனில் பிரவுண் நிறுவனம் தோட்ட இயந்திரங்களுக்காகத் தொழில் தொடங்கிய காலந்தொட்டு, இம்மலைகளுக்கு இயந்திர வித்தை அந்நியமன்று. தொழிற்சாலைப் பிட்டர்களிடம் வேலை பழகியவர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் எழுந்ததேயில்லை. நான் வேண்டுவது அளவுகோல் ஒன்றுதான். இறுக்கும்போது சிறிதே நீளும்படி அமைந்த ஹெட் போல்ட்டுகளை மறுபடியும் பயன்படுத்தாமல், புதியவற்றை வாங்கி, உற்பத்தியாளர் சொன்ன வரிசையில், முதலில் டோர்க் ரென்ச்சால் குறித்த விசைக்கும், பிறகு குறித்த கோணத்திற்கும் இறுக்க வேண்டும். வண்டியை எடுக்கப் போகும் உரிமையாளர், எந்த வரிசையில், எவ்வளவு விசையில் இறுக்கினீர்கள் என்று கேட்டு, லேத் கடை அளந்த வளைவின் கணக்கோடு அதையும் ரசீதின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல மெக்கானிக் எவரும் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.