மருந்து வந்தாச்சு, விலை?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: நுரையீரல்ல சளி கெட்டியா கட்டி, மூச்சை மெல்ல மெல்ல அடைக்கிற பரம்பரை நோய். காரணமான மரபணுவை 1989-லயே கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா பெரும்பாலான நோயாளிகளுக்குப் பலன் தர்ற ட்ரைகாஃப்டா மாத்திரை அமெரிக்காவுல அனுமதி வாங்க 2019 ஆயிடுச்சு. 30 வருஷ உழைப்பு, அதுக்கு ஒரு சலாம்!

என் கோபமெல்லாம் விலை மேலதான். அறிமுகமானப்பவே வருஷத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல. வெர்டெக்ஸ் கம்பெனியோட இந்த ஆராய்ச்சிக்கு ஆரம்பத்துல பணம் குடுத்தது யாரு? நோயாளிக் குடும்பங்கள் திரட்டின நன்கொடையில நடக்கிற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஃபவுண்டேஷன். 2014-ல அவங்க தங்களோட ராயல்டி உரிமையை 330 கோடி டாலருக்கு வித்தாங்க.

லாபம் வந்தது சரி. பணம் குடுக்கும்போதே விலைக்கும் ஒரு உச்சவரம்பு எழுதி வாங்கியிருக்கணும்ங்கிறது என் கட்சி. உண்டியல் குலுக்கி வளர்த்த மருந்து ஏழை நாட்டுக் குழந்தைக்கு எட்டலைன்னா என்னங்க நியாயம்? நீங்க என்ன சொல்றீங்க மக்களே?