பெட்டி பிரிக்காத பொய்

மட்டக்களப்பு வாவிக் கரையில் பழைய வால்வு றேடியோ வைத்திருக்கும் வீடுகளில் ஒரு வசனம் தப்பாது: “அந்தக் காலத்துச் சாமான் தம்பி, இப்ப இப்பிடி வருமா?” முதியவர்கள் ஆசையாய்ச் சொன்ன இந்தப் பேச்சு இன்று விலைச் சீட்டாகிவிட்டது. வால்வு அம்பிளிஃபயர் மோகம் பிடித்த இளைஞர்கள் முல்லார்ட், டெலிஃபுங்கன் என்று பெயர் பார்த்து, “பெட்டி பிரிக்காதது” என்ற சொல்லில் மயங்கி, புதிய வால்வின் விலையைப் போலப் பல மடங்கைக் கொட்டுகிறார்கள். வால்வு எரிந்து தேய்கிற பொருள். தாலிக்கொடி போல அதைப் பரம்பரைச் சொத்தாக மதிப்பது பேதைமை.

பெயரிலிருந்தே தொடங்குவோம். முல்லார்ட் 1927இலேயே முழுதாகப் பிலிப்ஸின் கைக்குப் போய்விட்டது. ஒரு தொழிற்சாலையின் சரக்கு இன்னொரு கொம்பனியின் பெயரோடு கடைக்கு வருவது அக்காலத்துச் சாதாரண வியாபாரம். கண்ணாடியில் உள்ள எழுத்து வெறும் மை. விரலால் தேய்த்தாலே பல வால்வுகளில் அழிந்துவிடும். அழித்ததன் மேல் வேறு பெயர் குத்த ஒரு ரப்பர் முத்திரை போதும். விஷயம் தெரிந்தவர்கள் அச்சைப் பார்ப்பதில்லை. டெலிஃபுங்கன் என்றால் அடியில் பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வார்த்த வைர வடிவக் குறியைத் தேடுவார்கள். முல்லார்ட் என்றால் கண்ணாடியில் அரித்த தொழிற்சாலைக் குறியீட்டை. இதற்கிடையில் முல்லார்ட் என்ற பெயரிலேயே ரஷ்யாவின் சரத்தோவில் புதிய வால்வு செய்கிறார்கள் என்பது வாங்குபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

சரி, அசல்தான் என்று வைப்போம். கதோட்டின் மேல் பூசிய பேரியம், ஸ்ட்ரோன்சியம் ஒட்சைட்டுத்தான் சூடேறி இலத்திரன்களை விடுகிறது. அந்தப் பூச்சின் வீரியம் ஓட ஓடக் குறையும். நீண்ட ஆயுளுக்கென்றே தனியாகச் செய்த ஈ88சிசி வகைக்குத் தயாரித்தவர்கள் சொன்ன கணக்கே 10,000 மணித்தியாலம். இலங்கை வானொலி நாளுக்கு ஆறு மணித்தியாலம் பாடிய வீட்டில் ஐந்து வருடத்துக்குள் அது முடிந்துபோகும். சாதாரண றேடியோ வால்வின் ஆயுள் அதிலும் குறைவு. “உச்சியில் வெள்ளி மினுங்குது, பாருங்க” என்பார்கள். உள்ளே காற்றுப் புகவில்லை என்பதற்கு மட்டுமே அந்த மினுக்கம் சாட்சி (புகுந்திருந்தால் அது பால் போல வெளுத்திருக்கும்). கதோட்டில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று அது சொல்லாது.

எங்கள் பக்கத்தில் இந்தப் பெட்டிக் கதையை நம்ப இன்னும் துணிச்சல் வேண்டும். 1957 வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 கடல்கோள், இடையில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கழிந்த யுத்த காலம். எந்த அலுமாரியில் அறுபது வருடம் அசையாமல் கிடந்ததாம் அந்தப் பெட்டி? ஈரம் கண்ணாடிக்குள் போகாது, உண்மை. ஆனால் கல்லடி, காத்தான்குடிப் பக்கத்து உப்புக்காற்று பின்களைக் கறுப்பாக்கும். கறுத்த பின் சொக்கெட்டில் சரியாகத் தொடாமல் கரகரக்கும். வலிந்து அழுத்தினால் அடிக் கண்ணாடி வெடித்து வால்வே போய்விடும்.

பணத்தோடு முடிகிற நட்டமும் இல்லை இது. பழைய செட்டில் மெழுகுக் காகிதக் கண்டென்சர் கசிந்தால், அதில் செருகிய ஈஎல்84 எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும் அனோட்டுத் தகடு சிவக்கச் சிவக்க எரியும். யூஎல்41 போன்ற வால்வுகள் உள்ள ஏசி/டிசி செட்டுகளில் சேஸிஸ் நேரே மெயின் கரண்டோடு தொடுக்கப்பட்டது. வயர் மாறினால் கை வைக்கிற இடத்தில் 230 வோல்ற்று.

“ரெஸ்ற் பண்ணினது” என்பவரிடம் எந்தக் கருவியில் என்று கேளுங்கள். எமிஷன் மட்டும் பார்க்கிற மலிவுக் கருவியில் ஊசி பச்சைக் கட்டத்துக்குப் போவது பெரிய காரியமில்லை. ஈசிசி83இன் தரவுத்தாள் தெளிவாகச் சொல்கிறது: அனோட்டில் 250 வோல்ற்று, கிரிட்டில் மைனஸ் 2 வோல்ற்று கொடுத்தால் 1.2 மில்லியம்பியர் ஓட வேண்டும். உள்ளே இரண்டு ட்ரையோடுகள். இரண்டுக்கும் தனித்தனியாக அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு உடனே அளவை விட்டு இனிமைக்குத் தாவும்.

அந்த இனிமையில் வால்வின் பங்கை நான் மறுக்கவில்லை; நல்ல பழைய வால்வுகளும் உண்டு. ஆனால் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் காதில் நின்றதற்கு மரப்பெட்டி, பெரிய ஸ்பீக்கர், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபோமர், எல்லாவற்றுக்கும் மேலாக மயில்வாகனன் காரணம். ஜேஜே கொம்பனி இன்றும் ஸ்லோவாக்கியாவில் ஈஎல்84ஐப் புதிதாகச் செய்கிறது. அதை வாங்கிப் போட்டு, மிஞ்சும் காசில் செட்டின் கண்டென்சர்களை முதலில் மாற்றுங்கள்.