நாலு சில்லும் இழுக்கும், நாலு சில்லும் வழுக்கும்

ஐப்பசி பிறந்து மாரி தொடங்கிவிட்டால் முசலியில் வீதிகளின் குணமே மாறிவிடுகிறது. கொண்டச்சிப் பக்கத்துச் செம்மண் தடங்கள் சேறாகின்றன. முருங்கன் பக்கத்துக் களிமண் நனைந்தால் சவர்க்காரம் போல வழுக்குகிறது. மண் தடத்திலிருந்து தார் வீதிக்கு ஏறும் திருப்பங்களில், சில்லோடு வந்த சேறு தாரின்மேல் படிந்து கிடக்கிறது. மரமுந்திரிகை பழுப்பது வெயில் காலத்தில். கன்று நடுகையும் களை வெட்டும் மாரியில். ஆகவே வீதி மிக மோசமாக இருக்கும் மாதங்களிலும் நாம் லொறிப் பெட்டியில் நின்றபடிதான் வேலைக்குப் போகிறோம்.

"பயப்படாதீங்க, இது ஃபோர்வீல்" என்ற சொல்லை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதை நம்பித்தான் பெட்டி நிறைய ஏறுகிறோம். அந்தச் சொல் பாதி உண்மை. மறுபாதி தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

நாலு சில்லுக்கும் இழுவை கொடுத்தால் வண்டி சேற்றில் புதையாமல் நேரே போகும். அது உண்மை. ஆனால் திரும்பும்போது கதை வேறு. மழை நின்ற பிறகு, லொறி திரும்பிய ஈரமண்ணைப் பாருங்கள். முன்சில்லுகளின் தடம் வெளிப்பக்கமாகவும் பின்சில்லுகளின் தடம் உட்பக்கமாகவும் இருக்கும். அதாவது முன்சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும். நம்மை ஏற்றும் பழைய லொறிகளிலும் கெப்களிலும் பெரும்பாலும் ஃபோர்வீல் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. கூட ஓட வேண்டிய முன்சில்லை அந்தப் பூட்டு ஓட விடுவதில்லை. இந்த இழுபறி வழுக்கும் தரையில் சறுக்கலாக முடிகிறது. சாரதி ஸ்டியரிங்கைத் திருப்பியிருப்பார்; வண்டியோ நேரே போகும். இன்னும் திருப்பினால் இன்னும் சறுக்கும்.

பிரேக்கிலும் ஃபோர்வீலால் இலாபமில்லை. எல்லா லொறிக்கும் நாலு சில்லிலும்தான் பிரேக். மண்ணைப் பிடிப்பது ரயர். ரயர் தேய்ந்திருந்தால் கியர் என்ன செய்யும்? வேகத்தையும் பாருங்கள். ஒரே வளைவில் மணிக்கு 20 கிலோமீற்றரில் போவதை 40 ஆக்கினால், வண்டியை வெளியே தள்ளும் விசை இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. பெட்டியில் நிற்கும் நாம் எல்லோரும் அந்த நேரத்தில் ஒரே பக்கம் சாய்கிறோம். பாரம் உயரத்தில் இருக்கும் வண்டி கவிழ அது போதும். கொழுந்து லொறியில் கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் மலையகத் தோழர்களுக்கு இதை நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

விபத்து நடந்தால் பழி சாரதிமேல் விழுகிறது. அவரும் நம்மைப் போலத் தொழிலாளிதான். பிந்தி வந்தால் அரைப் பேர் என்று நமக்கு ஒரு பயம், வண்டி பிந்தினால் ஏச்சு என்று அவருக்கு ஒரு பயம். வளைவில் வேகத்தைக் குறைக்க விடாதது இந்தப் பயமே. இதை மாற்றாமல் வெறும் எச்சரிக்கைப் பலகை நட்டுப் பயனில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. மழை நாளில் வண்டி பிந்தினால் யாருக்கும் அரைப் பேர் போடக் கூடாது. பெட்டியில் இருக்கையும் பிடிகம்பியும் வேண்டும். உரமூட்டைமேல் ஆள் ஏற்றக் கூடாது. தேய்ந்த ரயரோடு வண்டி வெளிக்கிடக் கூடாது. சாரதிகளுக்கு முறையான பயிற்சி வேண்டும்: வளைவுக்கு முன்னரே, நேர் வீதியிலேயே வேகத்தைக் குறைப்பது, சறுக்கினால் பிரேக்கை அடித்து மிதிக்காமல் காலை மெல்ல எடுப்பது, உலர்ந்த தார் வீதிக்கு ஏறியதும் ஃபோர்வீலை விடுவிப்பது.

நம் பங்கும் உண்டு. மோசமான திருப்பத்தில் "நிறுத்துங்க, இறங்கி நடக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கக் கூடாது. கூடவே இறங்க வேண்டும். விபத்து நடந்தால் அன்றே சங்கத்துக்கு அறிவித்து, வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்துகளும் அதற்குள் வந்தன. வழியில் விழுந்தது உங்கள் தலைவிதி என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது.

ஆனால் நட்டஈடு கையை காலைத் திருப்பித் தராது. காலையில் போனவர்கள் மாலையில் முழுசாய் வீடு திரும்ப வேண்டும். பத்து நிமிடம் பிந்தினாலும் பரவாயில்லை.