எத்தனை குதிரை பூட்டிய தேர்?

கல்யாண விளம்பரத்தில் "அழகும் குணமும் வாய்ந்த" என்று அச்சிட்டிருந்தால், அதை யாரும் அப்படியே நம்பிவிடுவதில்லை. ஜாதகம் கேட்கிறார்கள், பெண்ணைப் பார்க்கிறார்கள், கோடி வீட்டுப் பாட்டியிடம் ஜாடையாக விசாரிக்கிறார்கள். மோட்டார் வண்டி விளம்பரத்தைக் கண்டால் மாத்திரம் இந்த முன்ஜாக்கிரதையெல்லாம் எங்கேயோ பறந்து போய்விடுகிறது. "பாய்ந்து செல்லும் வேங்கை" என்று எழுதியிருந்தால் வேங்கை என்றே நம்பி, வங்கியில் கடன் வாங்கப் புறப்பட்டு விடுகிறோம்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமான நிலையத்துக்கு அருகே குடியிருக்கும் ஒரு குடும்பத்தாருக்கு அண்மையில் இப்படி ஒரு சோதனை வந்தது. குடும்பத் தலைவர் ஓய்வு பெற்ற உபாத்தியாயர். பெண்ணுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். புது வண்டிக்குப் பணம் போதவில்லை. தரகர் ஒருவர், கைமாறிய வண்டி ஒன்றைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். "சார், இது சாதாரணக் கார் இல்லை, அமெரிக்கன் பெர்ஃபார்மன்ஸ் செடான். நூற்றுத் தொண்ணூறு குதிரை!" என்றார். விலையும் அந்த வர்ணனைக்குத் தகுந்தபடியே இருந்தது.

உபாத்தியாயருக்குச் சொற்களின் பேரில் எப்பொழுதும் சந்தேகம் உண்டு. நாற்பது வருஷம் பையன்களின் வியாசங்களைத் திருத்தியவர் அல்லவா? "இந்த மூன்று சொல்லுக்கும் அர்த்தம் என்ன? ஒவ்வொன்றுக்கும் நான் எவ்வளவு பணம் கொடுக்கிறேன்?" என்று கேட்டு எனக்கு எழுதினார். நியாயமான கேள்வி. வேறு பல குடும்பங்களுக்கும் பயன்படக்கூடிய கேள்வியாதலால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

வாசலில் நின்ற வண்டி ஷெவர்லே க்ரூஸ். ஷெவர்லே என்பது அமெரிக்கப் பெயர் என்பதில் ஆட்சேபம் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குச் சொந்தமான பெயர். ஆனால், இந்த வண்டி முதல் முதலில் விற்பனைக்கு வந்தது 2008-ம் வருஷம் தென் கொரியாவில், டேவூ என்னும் பெயரில். இந்தியாவுக்கு 2009-ல் வந்தபொழுது அதில் இருந்த டீசல் என்ஜின் இத்தாலிய தேசத்து வி.எம். மோட்டோரி கம்பெனியார் வகுத்த அமைப்பு. வண்டியைப் பூட்டி முடித்த இடமோ குஜராத்தில் ஹாலோல். கொரியாவில் பிறந்து, இத்தாலிய இருதயத்துடன், குஜராத்தில் வளர்ந்த குழந்தைக்கு அமெரிக்கக் குடும்பப் பெயர்! இதில் இழிவு ஒன்றும் கிடையாது, நல்ல வண்டிதான். ஆனால் "அமெரிக்கன்" என்ற சொல்லுக்காகத் தனியாகப் பத்தாயிரம் ரூபாய் கேட்டால், எதற்கு என்று கேட்கலாம்.

இது க்ரூஸுக்கு மட்டும் உரிய விசேஷமல்ல. செங்கற்பட்டுக்குப் போகும் வழியில் மறைமலை நகரிலிருந்து 1999-ல் வெளிவந்த ஃபோர்டு ஐகான் வண்டியை நம்மில் பலர் நினைவு வைத்திருப்போம். அது ஐரோப்பாவில் ஓடிய சிறு ஃபியஸ்டா வண்டியை, இந்தியர்களுக்கென்று டிக்கி சேர்த்து நீட்டியது. அசல் அமெரிக்காவிலேயே கதை இப்படித்தான். 2014 முதல் 2017 வரையில் "ஷெவர்லே எஸ்.எஸ்." என்ற பெயரில் அங்கே விற்ற எட்டுச் சிலிண்டர் செடான், ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தது. பையன்கள் சுவரில் படம் ஒட்டி வைத்துக்கொள்ளும் டாட்ஜ் சார்ஜர், 2023-ம் வருஷக் கடைசி வரையில் தயாரானது கானடாவில், பிராம்ப்டன் என்ற ஊரில். ஆகையால் தேசத்தின் பெயரைச் சொல்லும்போது, கம்பெனி எந்த ஊர், வகுத்தது எங்கே, பூட்டியது எங்கே என்று மூன்றையும் பிரித்துச் சொல்வதே யோக்கியமான வர்ணனை.

தோற்றத்தை வைத்துச் சொல்வதில் இன்னும் அபாயம் அதிகம். நம் நாட்டுக் கான்டெஸாவைப் பார்த்து "அமெரிக்க மஸில் கார்" என்று இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் மூலம் இங்கிலாந்து தேசத்து வாக்ஸால் வண்டி. முதலில் அதற்குள் வைத்திருந்தது அம்பாஸடரின் 1.5 லிட்டர் என்ஜின். ஏறக்குறைய ஐம்பது குதிரை. யானையின் உடம்பில் ஆட்டுக்குட்டியின் மூச்சு!

"செடான்" என்ற சொல்லில் அவ்வளவு தகராறு இல்லை. முன்னால் என்ஜின் அறை, நடுவில் ஜனங்கள், பின்னால் தனியாக மூடும் டிக்கி. இந்த மூன்றும் தனித்தனியாக இருந்து, நான்கு கதவும் இருந்தால் செடான். பின் கண்ணாடியும் சேர்ந்து மேலே தூக்கினால் அது செடான் அல்ல, ஐந்தாவது கதவுள்ள வண்டி. புகழ் பெற்ற டெஸ்லா மாடல் எஸ் வண்டியைச் செடான் என்று உலகமே சொல்லிக் கொண்டிருந்தாலும், அதன் பின் கதவு கண்ணாடியோடு சேர்ந்துதான் திறக்கிறது. க்ரூஸ் இந்தப் பரீட்சையில் தேறிவிடுகிறது.

இனி "பெர்ஃபார்மன்ஸ்". நம்மூரில் இதற்குப் "பிக்கப்" என்று பெயர். உண்மையில் இந்த அடைமொழிக்கு எப்படிப்பட்ட வண்டி உரியது என்று தெரிந்துகொண்டால் மற்றவற்றை எடை போடுவது சுலபம்.

2021 பிப்ரவரியில் காடிலாக் கம்பெனியார் சி.டி.5-வி பிளாக்விங் என்ற வண்டியை வெளியிட்டார்கள். 6.2 லிட்டர், எட்டுச் சிலிண்டர். காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர் சார்ஜர் உண்டு. 668 குதிரைச் சக்தி. வண்டியின் எடை ஏறக்குறைய 1,870 கிலோ. ஆக, டன்னுக்குச் சுமார் 357 குதிரை. இவ்வளவு முரட்டு வண்டியில், காலால் கிளட்ச் மிதித்துக் கையால் போடும் ஆறு கியர்களையே முதன்மையாகக் கொடுத்திருக்கிறார்கள். வேண்டுமென்றால் தானே மாறும் பத்து கியர். ஒவ்வொரு என்ஜினையும் கையால் பூட்டுகிறவர், தம் பெயர் பொறித்த தகடு ஒன்றை அதன்மேல் பதிக்கிறார். தம் பெயரைப் போட்டுச் செய்கிற வேலைக்குத் தனி மதிப்பு உண்டுதானே?

ஆனால் இந்த வண்டியின் பெயரிலேயே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது, "சி.டி.5-வி" என்று மட்டும் சொன்னால் அது வேறு வண்டி. அதில் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 360 குதிரை. "பிளாக்விங்" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் முந்நூற்றுச் சொச்சம் குதிரைகள் லாயத்தை விட்டு ஓடிவிடும். இரண்டாவது கண்ணி இன்னும் வேடிக்கையானது. பிளாக்விங் என்பது முதலில் ஓர் என்ஜினின் பெயர், காடிலாக்கின் சி.டி.6-வி வண்டியில் இருந்த 4.2 லிட்டர் என்ஜின் அது. அந்த என்ஜின் இந்த வண்டியில் இல்லை! பெயர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. "பிளாக்விங்கில் பிளாக்விங் என்ஜின்" என்று எழுதுகிறவர் நிச்சயமாக வண்டியின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

குதிரைகளை எண்ணுவதும் லேசான காரியமல்ல. ஆங்கிலக் குதிரைக்கு 746 வாட், ஐரோப்பாவில் பி.எஸ். என்று சொல்லும் குதிரைக்கு 735 வாட்தான். ஐரோப்பியக் குதிரை கொஞ்சம் மெலிந்தது. ஆகவே அதே காடிலாக்கைப் பி.எஸ். கணக்கில் சொன்னால் 677 ஆகிவிடும். ஒன்பது குதிரைகள் சும்மா பிறந்துவிட்டன! நம் நாட்டு விளம்பரங்களில் இரண்டு கணக்கும் கலந்து வருகின்றன. கிலோவாட்டில் சொன்னால் இந்தத் தொல்லை கிடையாது. 668 குதிரை என்பது 498 கிலோவாட். எந்தத் தேசத்திலும் அதுவேதான்.

இதைவிடப் பெரிய மாயாஜாலம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1971 வரையில் அங்கே என்ஜினைத் தனியாக மேஜை மேல் வைத்து, விசிறி, சைலன்ஸர் முதலிய பாரங்களையெல்லாம் கழற்றிவிட்டுச் சக்தியை அளந்து விளம்பரம் செய்தார்கள். 1972 முதல், வண்டியில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். காடிலாக் எல்டொரேடோவின் 8.2 லிட்டர் என்ஜின் 1971-ல் 365 குதிரை என்று அச்சிடப்பட்டது. அடுத்த வருஷம் 235. வண்டி இளைத்துப் போகவில்லை; தராசு மாறிற்று. பழைய வண்டிகளின் எண்ணையும் புதிய வண்டிகளின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வேகத்தின் கதையும் அப்படித்தான். அமெரிக்கர்கள் நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டும் நேரத்தைச் சொல்வார்கள். 60 மைல் என்பது 96.6 கிலோமீட்டர். அதையே நம் ஆட்கள் "நூறு கிலோமீட்டர்" என்று உருட்டிவிடுகிறார்கள். மேலும், அங்கே சில அளவுகளில் முதல் ஓர் அடி தூரம் நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தை ஓட விடுகிறார்கள். 2021-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு 1.99 விநாடியில் 60 மைல் வேகத்தை எட்டுகிறது என்று சொன்னதும் அந்த ஓர் அடியைக் கழித்துவிட்டுத்தான். ஓடும் பந்தயத்தில் ஓர் அடி முன்னால் நின்று புறப்பட்ட பையனை நம் உபாத்தியாயர் என்ன செய்திருப்பார்!

லாஸ்பேட்டை வண்டிக்கு வருவோம். க்ரூஸ் டீசல் வண்டி 2009-ல் வந்தபொழுது அதன் சக்தி 150 பி.எஸ்.; 2012-ல் திருத்தி வந்தது 166. தரகர் சொன்ன நூற்றுத் தொண்ணூறு எங்கேயிருந்து வந்தது? கேட்டதற்கு அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: முந்தைய சொந்தக்காரர் ஏதோ ஒரு ஷெட்டில் கொடுத்து என்ஜினின் கம்ப்யூட்டரை "ரீமேப்" செய்திருந்தாராம். டீசலை அதிகமாகவும் காற்றை அதிக அழுத்தத்திலும் விடும்படி கட்டளைகளை மாற்றி எழுதுவதற்கு அந்தப் பெயர். பிக்கப் ஏறும் என்பது வாஸ்தவம். கிளட்ச், டர்போ, கியர்பெட்டி ஆகிய மூன்றும் 150-க்கோ 166-க்கோ செய்யப்பட்டவை என்பதும் வாஸ்தவமே. தரகர் எதைப் பெருமை என்று நினைத்து விலையில் சேர்த்தாரோ, அதுவே விலையிலிருந்து கழிக்க வேண்டிய விஷயம்.

கழிவு அத்தோடு நிற்கவில்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, வண்டியைச் செய்தவர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி அதை மாற்றக் கூடாது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. இன்ஷூரன்ஸ் விஷயம் இன்னும் நெருக்கமானது. வண்டியைப் பற்றிய முக்கியமான உண்மைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் அஸ்திவாரம். மாற்றத்தைச் சொல்லாமல் பாலிசி எடுத்து, நாளைக்கு ஒரு விபத்து நேர்ந்தால், கம்பெனியார் கையை விரிக்கக்கூடும். மருமகப் பிள்ளையும் பெண்ணும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வரப் போகிற வண்டி அது. தவறான வர்ணனைக்கு விலை கொடுக்கிறவர் தரகர் அல்ல.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு காகிதத்தையும் பார்க்கச் சொல்வேன். ஆர்.சி. புத்தகத்தில் எண் பி.ஒய். என்று இருந்தால் மாத்திரம் அந்த வண்டி இந்த ஊரில் வளர்ந்தது என்று அர்த்தமில்லை. வெளி மாநிலத்துச் செல்வந்தர்கள் சிலர், வரி குறைவு என்பதற்காக, இங்கே குடியிருப்பதாக விலாசம் கொடுத்து விலை உயர்ந்த வண்டிகளைப் பதிவு செய்ததாக 2017-ல் கேரளத்தில் பெரிய வழக்குகளே எழுந்தன. சொந்தக்காரர் வசிக்கும் இடத்திலோ தொழில் நடத்தும் இடத்திலோதான் வண்டியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆகவே விலாசத்தையும் ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. லாஸ்பேட்டை வண்டி இந்த விஷயத்தில் சுத்தமாகவே இருந்தது.

அதைப் பற்றி உபாத்தியாயருக்கு நான் எழுதி அனுப்பிய வர்ணனை இது: "ஷெவர்லே க்ரூஸ். இரண்டு லிட்டர் டீசல். நான்கு கதவு, தனி டிக்கி. கொரியாவில் வகுத்து, ஹாலோலில் பூட்டியது. கம்பெனிக் கணக்கில் 150 பி.எஸ்.; பிறகு அங்கீகாரமில்லாமல் மாற்றப்பட்டது. இந்தக் கம்பெனி 2017-ம் வருஷக் கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டபடியால், உதிரிச் சாமான் கிடைக்குமா என்று முன்னதாக விசாரிக்க வேண்டும்." தரகர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, விலையில் அறுபதாயிரம் குறைத்தார். என்ஜினின் கட்டளைகளைப் பழையபடி திருத்தி, அதற்கு எழுத்து மூலம் அத்தாட்சி வாங்கி வந்தால்தான் முன்பணம் என்று உபாத்தியாயர் சொல்லிவிட்டார். தரகர் இன்னும் திரும்பி வரவில்லை.

அசல் பிளாக்விங்கை வாங்கிவிடலாமா என்று அவருடைய பேரன் கேட்கிறானாம். அது இடப்பக்கம் ஸ்டீயரிங் வைத்தே செய்யப்படும் வண்டி. புதிய வண்டியை இறக்குமதி செய்து இங்கே பதிவதற்கு நம் விதிகள் வலப்பக்க ஸ்டீயரிங்கைக் கேட்கின்றன. படத்தைச் சுவரில் ஒட்டிக்கொள்ளட்டும். கீழே பெயர் எழுதும்போது "பிளாக்விங்" என்பதை விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.