நம்ம வண்டிய நாமளே பிரிச்சா என்ன?

பைக் இன்ஜின்ல கேம் ஷாஃப்ட் தேஞ்சு போனா அதை வீட்டு முற்றத்துல வச்சு நாமளே மாத்தலாமா? பழைய நூறு சிசி வண்டியா இருந்தா தாராளமா மாத்தலாம்னுதான் நான் சொல்லுவேன். சிட்டியில இருக்கிறவங்களுக்கு இது கிறுக்குத்தனமா தெரியும். "பிளக் தொடைக்கிறது, ஆயில் மாத்துறது வரைக்கும் சரி மாமா. இன்ஜினைப் பிரிக்கிறது நமக்கு எதுக்கு?" என்று சென்னையில வேலை பாக்குற என் தங்கச்சி மகனே கேக்கான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கயும் எழுதுறேன்.

முதல்ல கேம் ஷாஃப்ட் என்ன செய்யுதுன்னு பாத்துக்கிடுங்க. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினோட தலைப்பாகத்துல, அதான் ஹெட்டுல, ரெண்டு வால்வு இருக்கும். ஒண்ணு பெட்ரோலும் காத்தும் உள்ள வர, இன்னொண்ணு புகை வெளிய போக. சரியான நேரத்துக்கு அந்த வால்வுகளைத் திறக்க வைக்கிறது கேம் ஷாஃப்ட். ஒரு சின்ன இரும்புத் தண்டு. அதுல முட்டை வடிவத்துல ரெண்டு புடைப்பு. தண்டு சுத்தும்போது புடைப்பு ராக்கர் ஆர்மைத் தள்ளும், ராக்கர் ஆர்ம் வால்வை அமுக்கும். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. வண்டி நிமிஷத்துக்கு 5000 சுத்துல ஓடுதுன்னா கேம் 2500 சுத்து. அப்போ ஒவ்வொரு வால்வும் ஒரு செகண்டுக்கு நாப்பது தடவைக்கு மேல திறந்து மூடுது.

எங்க பக்கத்து பழைய மெக்கானிக்குகள் பலரும் யமஹா ஆர்எக்ஸ் 100-லயும் ராஜ்தூத்லயும் கை பழகினவங்க. அதெல்லாம் ரெண்டு ஸ்ட்ரோக். அதுல கேம் ஷாஃப்டே கிடையாது. புல்லட்ல கேம் கீழ கிராங்க் பக்கம் இருக்கும். 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது, 1994-ல ஸ்ப்ளெண்டர் வந்தது. அப்போதான் ஹெட்டுக்குள்ள கேம், அதைச் சுத்த ஒரு டைமிங் செயின் என்கிற அமைப்பு ஊர் ஊரா பரவிச்சு. அப்படிப் பாத்தா, கேம் ஷாஃப்ட் மாத்துறதை எங்க மெக்கானிக்குகளும் புதுசா கத்துக்கிட்டவங்கதான். அவங்க வண்டியைப் பிரிச்சுப் பாத்துக் கத்துக்கிட்டாங்க. அதையே நாம செய்யக்கூடாதுன்னு என்ன சட்டம்?

கேம் தேயறதுக்கு முக்கியமான காரணம் ஆயில். இன்ஜின்ல கீழ இருக்கிற ஆயிலை பம்பு மேல தள்ளணும். கேம் இருக்கிறது உச்சியில. ஆயில் குறைஞ்சாலோ, மாத்தாம கருப்புக் கூழா ஆனாலோ, போற வழி அடைச்சாலோ முதல்ல காய்ஞ்சு போறது அந்த உச்சிதான். கடைமடை வயலுக்குத் தண்ணி வராத மாதிரின்னு வச்சுக்கிடுங்க. அப்புறம் ஹெட்டுல "டக் டக்"னு சத்தம் வரும். டேப்பட் வச்சா ரெண்டு நாள் சரியாகும், திரும்பவும் வரும். ஏத்தத்துல வண்டி இழுக்காது. பெட்ரோல் கூட குடிக்கும்.

இதுல வேலை நடக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லணும், அங்கதான் என் வாதமே இருக்கு. ராத்திரி முழுக்க இன்ஜினை ஆற விட்டுட்டு, காலையில பிளக்கைக் கழட்டணும். இடது பக்கம் மேக்னட் மூடியில இருக்கிற ஓட்டை வழியா பாத்தா மேக்னட்டுல "டி"ன்னு எழுத்தும் ஒரு கோடும் தெரியும். கிராங்கைச் சுத்தி அந்தக் கோட்டை மூடியில இருக்கிற வெட்டுக்கு நேரா நிறுத்தணும். மேல டைமிங் சக்கரத்துலயும் ஒரு குறி இருக்கும். அது ஹெட்டுல இருக்கிற வெட்டுக்கு நேரா வரணும். ரெண்டு ராக்கரும் லேசா ஆடணும். ஆடலைன்னா இன்னும் ஒரு சுத்து. அது சரியா நின்ன பிறகு டென்ஷனரைத் தளத்தி, சக்கரத்தைக் கழட்டி, செயின் உள்ள விழாம கம்பியால கட்டிட்டு, பழைய கேமை எடுக்கணும். புதுசுல ஆயில் பூசி அதே இடத்துல வச்சு, குறிகளைத் திரும்ப நேராக்கணும். கடைசியா டேப்பட் இடைவெளியை பில்லர் கேஜ் வச்சு பாக்கணும். இந்த வண்டிகள்ல அது ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கைவிடக் குறைவு. கிக்கரை மிதிக்கிறதுக்கு முன்னால கையாலயே ரெண்டு முழுச் சுத்து சுத்திப் பாக்கணும். எங்கயாவது முட்டினா அங்கயே நிறுத்திடணும். செயின் ஒரு பல்லு மாறினாலும் வண்டி இழுக்காது. சில இன்ஜின்ல வால்வு பிஸ்டன்ல இடிக்கும்.

அந்தக் கோடுகளை யார் போட்டது? வண்டியைச் செஞ்சவங்கதான் போட்டாங்க. இன்னைக்கு இதை ஒருத்தன் பிரிப்பான், அவனுக்குத் திரும்ப மாட்டத் தெரியணும் என்று நினைச்சு இரும்புல பொறிச்சு விட்டிருக்காங்க. பிரிக்கிறவன் கம்பெனி ஆளா, குழித்துறைக்காரனான்னு அந்தக் கோடு கேக்காது. பொருளை விக்கிறவன் வாங்குறவனுக்குக் குடுக்கிற மரியாதை அது. அந்த மரியாதை இப்போ குறைஞ்சுக்கிட்டே வருதுன்னுதான் நான் பேச வந்தேன்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 வண்டிதான் விக்கணும்னு ஆனது. புகை குறையும், நல்ல விஷயம். எனக்கு அதுல சண்டை இல்ல. ஆனா கார்புரேட்டர் இருந்த இடத்துல பியூயல் இன்ஜெக்ஷன், சென்சார், சின்ன கம்ப்யூட்டர் எல்லாம் வந்திருச்சு. கேம் ஷாஃப்ட் மட்டும் அப்படியே அதே புடைப்போட சுத்துது. ஆனா மீட்டர்ல மஞ்ச லைட் எரிஞ்சா என்ன கோளாறுன்னு படிக்கிறதுக்கு ஒரு கருவி வேணும். அது சின்ன ஒர்க்ஷாப்புகள் பலதுலயும் இல்ல. இரும்புல பொறிச்ச கோடு எல்லாருக்கும் தெரிஞ்சுது. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற குறி கருவி வச்சிருக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்க ஊர்ல இது என்ன பாடு படுத்தும்னு சொல்லுறேன். ரப்பர் பால் வெட்டுறவங்க விடியறதுக்கு முன்னால தோட்டத்துக்குப் போகணும். வாழைக்குலையும் மரச்சீனியும் வெயில் ஏறுறதுக்குள்ள மார்த்தாண்டம் சந்தைக்குப் போகணும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. வண்டி நாலு நாள் ஷோரூம்ல கிடந்தா நாலு நாள் கூலி போச்சு. கேம் ஷாஃப்ட் நான் வாங்கினப்போ ஆயிரம் ரூபாய்க்கு உள்ளதான். நட்டம் பாகத்துல இல்ல, காத்திருக்கிறதுல.

இதை நாடு கண்டுக்காமலும் இல்ல. கார் கம்பெனிகள் உதிரி பாகத்தையும் சோதனைக் கருவியையும் வெளி ஒர்க்ஷாப்புகளுக்குத் தராம வச்சிருக்காங்கன்னு ஒருத்தர் புகார் குடுத்தாரு. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டு, அதையெல்லாம் வெளியில கிடைக்கச் செய்யணும்னு உத்தரவு போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பாக்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம்னு நாலு துறையை எடுத்துக்கிட்டாங்க. அந்த வருஷம் டிசம்பர்ல ஒரு இணையதளமும் தொடங்கினாங்க. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல ஒரு படி மேல போய், டிராக்டர் கம்பெனிகள் கையேடும் கருவியும் மென்பொருளும் விவசாயிக்குத் தரணும்னு சட்டமே போட்டாங்க. 2024 ஜனவரி 1-ல அது நடைமுறைக்கு வந்தது. இங்க நமக்கு இணையதளம் இருக்கு, சட்டம் இன்னும் வரல.

எல்லாரும் ஸ்பேனரைத் தூக்குங்கன்னு நான் சொல்லல. பில்லர் கேஜும் அந்த வண்டியோட சர்வீஸ் புத்தகமும் இல்லாம ஹெட்டுல கை வைக்கக் கூடாது. வாரண்டி இருக்கிற வண்டியைத் தொடாதீங்க. ராக்கர் ஆர்ம் முகம் அரிச்சிருந்தா அதையும் சேத்து மாத்தணும், இல்லன்னா புது கேமையும் அது தின்னுடும். ஆயில் வழி அடைச்சிருக்கான்னு பாக்காம கேமை மட்டும் மாத்துறது, வேர்ல நோய் இருக்கும்போது இலைக்கு மருந்தடிக்கிற கதை. பழைய ஆயிலைத் தோட்டத்துலயோ ஆத்துலயோ ஊத்தாதீங்க. அது நாம குடிக்கிற தண்ணிக்குத்தான் வரும்.

இன்னொரு கேள்வியும் வரும்: எல்லாரும் வீட்டுலயே செஞ்சா மெக்கானிக் பொழப்பு என்னாகும்? எனக்கு இந்த வேலையைச் சொல்லித் தந்ததே ஒரு மெக்கானிக்தான். பக்கத்துல உக்கார வச்சு, "அண்ணே, கோடு மூணும் நேரா நிக்கா, அதை மட்டும் பாருங்க"ன்னு சொன்னாரு. இப்பவும் வால்வு சீட் வேலை, போரிங் வேலைன்னா அவருகிட்டதான் போறேன். அவரு பொழப்பைக் கெடுக்கிறது முற்றத்துல ஸ்பேனர் பிடிக்கிற விவசாயி இல்ல. அவருக்கும் கருவியும் கையேடும் தராம பூட்டி வைக்கிறதுதான் கெடுக்குது.

அதனால அடுத்த தடவை வண்டி வாங்கப் போறப்ப மைலேஜும் கலரும் கேட்டுட்டு, இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க. சர்வீஸ் கையேடு விலைக்காவது கிடைக்குமா? கோளாறு படிக்கிற கருவி வெளி மெக்கானிக்குக்குக் கிடைக்குமா? நாங்க இங்க இருந்து கேட்டா ஷோரூம்ல சிரிப்பாங்க. நீங்க ஆயிரம் பேர் அங்க நின்னு கேட்டா கம்பெனிக்குக் காது கேக்கும்.