மனையின் விலையும் மனிதனின் விலையும்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரையிலுள்ள கடலோரப் பகுதியிலே இன்று சுவர்தோறும் மனை விளம்பரம். மெட்ரோ நிலையம் பக்கத்திலே இருக்கிறதாம். கடற்காற்று தாராளமாக வீசுமாம். இன்று வாங்காதவன் நாளை வருந்துவானாம்! தரகர்கள் ஆலை வாயிலுக்கே வந்து நின்று அழைக்கின்றனர். சம்பள நாளன்று அவர்களுடைய குரல் இன்னும் சற்று உயர்கிறது.

வாங்கலாமா, கூடாதா என்பது அப்பகுதிப் பாட்டாளித் தோழர்களின் கேள்வி. 'வாங்கு' என்றோ 'வாங்காதே' என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு ஒதுங்கிக்கொள்ள நாம் விரும்பவில்லை. முப்பது ஆண்டு உழைப்பின் பயன் அந்த ஒரு கையெழுத்திலே அடங்கியிருக்கிறது. சேமநிதி, பணிக்கொடை, மனைவியின் கழுத்து நகை, கூட்டுறவுச் சங்கத்துக் கடன் — இவ்வளவையும் திரட்டி ஒரு தொழிலாளி மனை வாங்குகிறான். பணக்காரன் பத்து மனை வாங்கி ஒன்றிலே நட்டப்பட்டால் அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. தொழிலாளி வாங்கும் ஒரே மனை பழுதானால் அது ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி.

முதலில் ஒன்றைக் கேட்போம். அந்த மண்ணுக்கு இவ்வளவு மதிப்பை ஏற்றி வைத்தவர் யார்?

கடலை நம்பி வாழ்ந்த மீனவக் குப்பங்கள்தாம் அங்கே முதலில் இருந்தன. பின்னர் ஆலைகள் வந்தன. 1946இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் திருவொற்றியூரில் தொடங்கிய தொழில், பிறகு பெரிய டயர் ஆலையாக வளர்ந்தது. 1950களில் அதே ஊரில் மோட்டார் சைக்கிள் ஆலை எழுந்தது. எண்ணூரிலே லாரிகள் உருவாயின. மணலியிலே 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் அருகே உர ஆலை வந்தது. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் விளக்கேற்றியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. நகரத்துக்கு வெளிச்சமும் வண்டியும் எரிபொருளும் இங்கிருந்து சென்றன. கரியும் சாம்பலும் நெடியும் இங்கேயே தங்கிவிட்டன!

2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகியவை சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை சுமார் 9 கிலோமீட்டருக்கு மெட்ரோ இரயில் நீண்டது. ஒரு தீப்பெட்டி ஆலையின் பெயரைத்தான் அந்த நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் கைகள் இருந்தன என்பதை விளம்பரக்காரர் அறிவாரா?

மெட்ரோ வந்ததை நாம் வரவேற்கிறோம். ஷிப்டு முடிந்து வருகிறவன் பேருந்துப் படிக்கட்டில் தொங்காமல் வீடு திரும்புவது நன்மையே. ஆனால் பொதுப் பணத்தில் போடப்பட்ட தண்டவாளத்தினால் ஏறிய நிலவிலை யாருடைய பைக்குள் போகிறது? முன்கூட்டியே வளைத்துப் போட்டவனின் பைக்குள்! அதே ஊரில் பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கும் தொழிலாளிக்குக் கிடைத்தது வாடகை உயர்வு. ஊருக்கு மதிப்பை ஏற்றியவன் வெளியே நிற்கிறான். ஏறிய மதிப்பை விற்பவன் வேறொருவன். இந்த அநீதியை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, விளம்பரம் சொல்லாமல் விடும் செய்திகளைச் சொல்வோம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடெங்கும் 88 தொழிற்பகுதிகளை ஆராய்ந்து, 43 பகுதிகளை மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று அறிவித்தது. அந்த 43இல் மணலியும் ஒன்று. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின; கரையெங்கும் எண்ணெய் படிந்தது. அதை வாளியும் கையுமாக அள்ளியவர்கள் ஏழை மக்கள்தாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் சேர்ந்து வந்தது. எண்ணூர்க் கழிமுகம் வரை பரவி, வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் கறையாகப் படிந்தது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. எண்ணூர்ப் பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

'கடற்காற்று' என்று விளம்பரம் போடுகிறவன், அந்தக் காற்று எதைச் சுமந்து வருகிறது என்பதையும் போட வேண்டாமா?

கடலின் கதை இன்னும் பழையது. 1870களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கிய வெள்ளையர் கடலுக்குள் நீண்ட சுவர்களை எழுப்பினர். நம் கரையோரத்தில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து செல்வது. சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. தென்பகுதியில் உலாவப் போகிறவருக்கு மணல்வெளி கிடைத்தது. வடபகுதியில் மீனவன் வீட்டை இழந்தான். இன்று கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கு இப்பாலுள்ள மனையைத்தான் 'கடல் பார்த்த மனை' என்று விற்கிறார்கள்!

"அப்படியானால் அங்கே ஏன் குடியிருக்க வேண்டும்? வேறிடம் போகட்டுமே" என்று சில மேதாவிகள் கூறலாம். அவர்களுக்கு நமது பதில் இது: வேலை அங்கே இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளி அங்கே இருக்கிறது, உறவும் சங்கமும் அங்கே இருக்கின்றன. மீனவனுக்குக் கடலும் கழிமுகமும் அங்கேதான். நகரத்து ஏழைகளைப் பெயர்த்தெடுத்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தியபோது, கூரை கிடைத்தும் பிழைப்பு தொலைவாகிப் போனதை நாடு கண்டது. அந்த வழியை மீண்டும் பரிந்துரைக்க வேண்டாம்.

ஆலையை மூடு என்றும் நாம் சொல்லவில்லை. ஆலை ஓடினால்தான் அடுப்பு எரியும். புகையை அடக்கவும் கழிவைத் தடுக்கவும் கருவிகள் உண்டு. அவற்றை வாங்கி வைக்கும் செலவைத் தொழிலாளியின் நுரையீரல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.

ஆகவே, வாங்க நினைக்கும் தோழர்களுக்குச் சில சொற்கள்.

மூலப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை தொடர்ச்சியைப் பாருங்கள். வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்காவது எடுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து வாங்கினால் உரிமை மாறிவிடாது என்று உச்சநீதிமன்றம் 2011இலேயே தெளிவாகக் கூறிவிட்டது. கோயில் நிலமாயின், அறநிலையத்துறை ஆணையரின் அனுமதியின்றி விற்க முடியாது. புறம்போக்காயின், விற்றவன் போய்விடுவான். நீங்கள்தான் நோட்டீசு வாங்குவீர்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளில் 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் உண்டானவற்றுக்குத்தான் 2017இன் வரன்முறைத் திட்டம் வழி வகுத்தது என்பதை மறவாதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டி விற்பவன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சர்வே எண் எந்த உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் விசாரியுங்கள். குடியிருப்பா, தொழிற்சாலையா, அபாயகரமான தொழிலுக்கானதா? கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா? பக்கத்திலே எந்தக் குழாய் ஓடுகிறது? 2015இலும் 2023இலும் அங்கே வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றது? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தரகரின் பதில் வேண்டாம். தெருவிலுள்ள தாய்மார்களைக் கேளுங்கள். சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள்.

இத்தனையையும் ஓர் ஆலைத் தொழிலாளி தனியாக அலைந்து அறிய வேண்டுமா? இங்கேதான் நாம் சர்க்காரைக் கேட்கிறோம். 2023 முதல் பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 என்று வசூலிக்கப்படுகிறது. இருபது லட்ச ரூபாய் மதிப்புள்ள இடத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்! இவ்வளவையும் பெற்றுக்கொள்ளும் சர்க்கார், அந்த நிலம் எந்த மண்டலத்தில் உள்ளது, வெள்ளம் வருமா, அபாயத் தொழிற்சாலை எவ்வளவு தொலைவு என்பதைப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே எழுதித் தரட்டும். பணம் வாங்குகிற கை, உண்மையையும் கொடுக்கட்டும்.

இன்னும் கேட்கிறோம். சென்னையின் இரண்டாவது பெருந்திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்து, 2026ஐ எல்லையாகக் கொண்டது. அடுத்த திட்டத்தில் அபாயத் தொழிலுக்கும் குடியிருப்புக்கும் இடையே மரங்கள் அடர்ந்த இடைவெளி கட்டாயமாக்கப்பட வேண்டும். மெட்ரோ நிலையங்களை ஒட்டிய பொது நிலத்தில், தொழிலாளர் ஏற்கக்கூடிய வாடகையில் வீடுகள் எழ வேண்டும். தொழிலாளர் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களுக்கு முதல் உரிமை தர வேண்டும். காற்றின் அளவையும் வாயுக் கசிவு எச்சரிக்கையையும் தமிழிலே, தெருமுனையிலே, மக்கள் காணும்படி வைக்க வேண்டும்.

நம் தோழர்களுக்கும் கடமை உண்டு. வட்டந்தோறும் மன்றங்களும் படிப்பகங்களும் இருக்கின்றன. மாலை நேரத்தில் அங்கே பத்திரம் படிக்கத் தெரிந்த ஒரு தோழர் அமரட்டும். சட்டம் அறிந்த நண்பர் வாரம் ஒருநாள் வரட்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தொழிலாளியும் அந்தப் படியேறி வரட்டும். ஒருவன் தனியாகப் போய்க் கேட்டால் தரகன் சிரிப்பான். சங்கமாகப் போய்க் கேட்டால் பத்திரத்தை எடுத்துக் காட்டுவான். ஒருவன் தனியாக மனுப் போட்டால் அது கோப்பிலே உறங்கும். ஊரே திரண்டு போட்டால் அதிகாரி எழுந்து படிப்பார்.

சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று தொழிலாளி ஆசைப்படுவது பேராசையன்று. அது அவன் உழைப்புக்குரிய ஊதியத்தின் ஒரு பகுதி. அந்த வீட்டின் கதவைத் திறந்தால் நல்ல காற்று வரவேண்டும். அந்தக் கதவை எந்த வழக்கும் எந்த அலையும் வந்து தட்டக்கூடாது. அதுவரை ஓயமாட்டோம் என்று வடசென்னைத் தோழர்கள் உறுதி கொள்ளட்டும்!