கொடிக்கேற்ற கொழுகொம்பு

வீட்டுத் தோட்டத்திற் கொடி வளர்ப்போர் பலர் விதையைத் தேர்வதிற் காட்டும் கவனத்தைக் கொழுகொம்பைத் தேர்வதிற் காட்டுவதில்லை. புடலுக்கும் பாகலுக்கும் இட்ட பந்தலே முலாம்பழத்துக்கும் போதுமென்று எண்ணிவிடுகின்றனர். யாமும் அவ்வாறு எண்ணியவர்தாம். சென்ற கோடையில் எம் வீட்டுப் புடலம்பந்தலிலே முலாங்கொடியை ஏற்றிவிட்டோம். கொடி செழித்தது, காயும் திரண்டது. ஆயின், மணம் வீசத் தொடங்கிய அன்றிரவே முதற்பழம் வீழ்ந்து சிதறியது. மறுநாள் மற்றொன்று வீழ்ந்தது. அணிலுக்கும் எறும்புக்கும் விருந்தாயிற்றேயன்றி, எம் வீட்டுச் சிறுவர்க்கு ஒரு கீற்றும் கிட்டவில்லை.

குற்றம் கொடியினதன்று, எம்முடையதே. புடலும் பாகலும் கனியுமுன் காயாகவே பறிக்கப்படுவன. முலாம்பழ வகைகளுட் பலவோ, கனிந்ததும் காம்பினின்று தாமே கழன்றுவிடும் இயல்பின. சார்லஸ் டார்வின் படர்கொடிகளைப் பற்றி 1875ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இக்குடும்பத்தைச் சேர்ந்த பிரையோனி என்னும் கொடியைப் பெருங்காற்றிலே சென்று நோக்கியதை உரைக்கின்றார். அதன் பற்றுச்சுருள்கள் கம்பிச்சுருள்போல் நீண்டும் சுருங்கியும் கொடியை அறாது காத்தன. ஆனால், அச்சுருள்கள் காப்பது கொடியையேயன்றிக் கழலும் பழத்தையன்று.

ஆதலின் முலாங்கொடிக்குத் தாங்கல் இரண்டு வேண்டுமென்பது எம் கருத்து. கொடிக்கு, ஆளுயர மூங்கிற்றட்டியொன்றைச் சாய்வாக நிறுத்துக. பழத்துக்கு, அது எலுமிச்சையளவு கடந்ததும் பழைய வலையாலோ மெல்லிய துணியாலோ தொட்டில் கட்டுக. தொட்டிலின் முனைகளைக் கொடியில் முடியலாகாது; தட்டியிலேயே முடிதல் வேண்டும். தட்டியிற் காற்று தடையின்றிப் புகுவதால் இலையின் ஈரம் விரைந்து உலரும்; பூஞ்சை நோய் சிலவற்றுக்கு அது தடையாம். சிறு முற்றமுடையார்க்கு இடமும் மிஞ்சும்.

உயரத்தில் ஏறிய கொடி அனற்காற்றில் விரைந்து வாடுமே என்பாருமுளர். உண்மையே. வேரடியிற் சருகை மூடாக்காக இட்டு, காலையில் நீர் வார்த்தால் அக்குறை பெரிதும் தீரும். தர்ப்பூசணியின் நிலை வேறு. பத்துக் கிலோவும் நிறையக்கூடிய அப்பழத்தைத் தட்டியிலேற்ற முயல்வது வீண்சிரமம். அதனை நிலத்திலே படரவிட்டு, ஈரமண்ணில் அடிப்புறம் அழுகாதவாறு காயின்கீழ் வைக்கோல் பரப்புதலே தக்கது.

முல்லைக்குத் தேரீந்த பாரியைப் போற்றும் நாம், முலாங்கொடிக்கு ஒரு கந்தைத் துணியேனும் ஈயலாகாதோ? இவ்வாண்டு எம் தட்டியில் ஏழு தொட்டில்கள் ஆடுகின்றன. இதனைப் படிப்போரும் ஒன்றேனும் கட்டிப் பார்ப்பாராக.